தில்லைநாதன் பேசாத பக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஞாயிறு பத்திரிகை வாசிப்பவர்களுக்குக் குணலட்சுமி என்ற பெயர் ஓரளவு பழக்கம். கோப்பாயில் தையல் ஆசிரியையாக இருந்தபடியே கதைகள் எழுதினாள். அவளுடைய கதைகளில் நல்லவர்கள் நிறைய அழுவார்கள், கெட்டவர்கள் கடைசிப் பந்தியில் திருந்திவிடுவார்கள். ஒருநாள் புதுக்கதை ஒன்றை எழுதி முடித்து வாசித்தபோது, அதன் முடிவை முதல் பந்தியிலேயே எவரும் சொல்லிவிடலாம் என்று அவளுக்கே பட்டது. கிழித்துப் போட்டாள்.

நல்லூரில் மாணவர்களுக்குத் தனிவகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரியின் பின்னறையில், ஞாயிறு பின்னேரங்களில் சிலர் கூடி எழுத்தைப் புதுவிதமாகப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனாள். அன்றைக்கு வங்கி எழுதுவினைஞர் அடைக்கலநாதன் ஒரு பயிற்சி கொடுத்தார்.

"உண்மையிலை நடந்த ஒரு சண்டையை எடுங்கோ. சண்டை பிடிச்சவையே ஒவ்வொருத்தராய்க் கதைக்கவேணும். ஆர் சரி எண்டு நீங்கள் நடுவிலை வந்து சொல்லப்படாது."

சண்டைக்கு அவள் தூரம் போகத் தேவையில்லை. கணவன் தில்லைநாதனும் வேலிக்கு அப்பால் குடியிருந்த தம்பி சோமசேகரமும் பேசிப் பதினைந்து வருடமாகிறது. பங்குக் கிணற்றில் யார் முதலில் இறைப்பது என்பதுதான் காரணம் என்று ஊர் நம்பியது. அவளும் நம்பினாள்.

சோமசேகரத்தின் பகுதியை எழுத உட்கார்ந்தாள். வந்ததெல்லாம் தன் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும் வசைகளாகவே இருந்தன. அந்த மனிதர் எப்படிப் பேசுவார் என்றே தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. மறுநாள் வேலியோரச் சந்தான ஒழுங்கையால் சுற்றி அவர் வீட்டுக்குப் போய், சண்டையைப் பற்றிக் கேட்டேவிட்டாள்.

"தண்ணிக்கோ நான் சண்டை பிடிச்சனான், மச்சாள்? ஐயாவின்ரை செத்தவீட்டுக்குப் பிறகு அண்ணை என்ரை முகம் பாக்கேல்லை. ஏனெண்டு இண்டுவரைக்கும் எனக்கு விளங்கேல்லை" என்றார் சோமசேகரம்.

கணவனிடம் கேட்டபோது, "என்னைக் கதையிலை இழுக்காதையும்" என்று வெங்காயப் பாத்திக்குத் திரும்பிவிட்டார். சில நாள் கழித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் தானாகவே வாய் திறந்தார்.

"ஐயா செத்த நேரம் நான் அநுராதபுரத்திலை வேலை. வெள்ளத்திலை ரயில் ஓடேல்லை. லொறியிலையும் நடந்தும் வந்து சேர எல்லாம் முடிஞ்சுது. மூத்தவன் நான் இருக்க அவன் கொள்ளி வைச்சிட்டான். ஒரு நாள் பொறுத்திருக்கப்படாதோ?" குவளையைக் கீழே வைத்தார். "இதை எழுதப்படாது."

இதுவரை எழுதிய எந்தக் கதையைவிடவும் இது பெரிது என்று அவளுக்குத் தெரிந்தது. கை பரபரத்தது. வேறேதாவது கற்பனையாக அவர் வாயில் வைக்கலாமா என்றும் பார்த்தாள், மனம் ஒப்பவில்லை. கடைசியில் 'தம்பி' என்று தலைப்பிட்டுச் சோமசேகரம் சொன்னதை எழுதினாள். 'அண்ணன்' என்று தலைப்பிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விட்டாள். கணவனிடம் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நல்லூர் வட்டத்தில் அதை வாசித்தபோது ஒருவர், "உது எழுத்தில்லை, பஞ்சி. எழுதச் சோம்பல்பட்டு விட்ட பக்கம்" என்றார்.

"அண்ணன் என்ன சொல்லுவாரெண்டு உமக்குத் தெரியுமோ?" என்று குணலட்சுமியிடம் கேட்டார் அடைக்கலநாதன்.

"ஓம்."

"அப்ப சரி. தெரியாமல் விட்டிருந்தால்தான் ஏமாத்து."

கதை ஒரு சிறு சஞ்சிகையில் வெளிவந்தது. அச்சுக்காரர் ஒரு பக்கத்தைத் தவறவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். அதில் தன் பேச்சையே வாசித்த சோமசேகரம் அப்படி நினைக்கவில்லை. ஒரு காலை, தில்லைநாதன் இறைப்பு மிசினை ஓட்டிக்கொண்டிருக்கையில் கிணற்றடிக்கு வந்தார்.

"அண்ணை, அந்தப் பக்கத்திலை என்ன வரவேணும்?"

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற குணலட்சுமிக்கு அது கேட்டது. மிசின் நின்றது. பிறகு இருவரும் தணிந்த குரலில் பேசியது கேட்கவில்லை. நெடுநேரத்தின்பின் எட்டிப் பார்த்தபோது சோமசேகரம் சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். தில்லைநாதன் கிணற்றுக்கட்டில் கை ஊன்றித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் தகப்பனின் திவசத்தை இருவரும் சேர்ந்து செய்தார்கள். இறைப்பு முறைக்காக அதன் பிறகும் வாய்த்தர்க்கம் வந்தது. ஆனால் முகம் பார்த்துச் சண்டை பிடித்தார்கள்.

குணலட்சுமி தொடர்ந்து நல்லூருக்குப் போனாள். முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போகும் கதையொன்று எழுதிப் படுதோல்வி கண்டாள். கேள்விகளால் மட்டுமே ஆன இன்னொன்று நன்றாக வந்தது. அவள் எழுத உட்காரும்போதெல்லாம் தில்லைநாதன் ஒருமுறை கதவருகில் வந்து நிற்பார்.

"இதிலை நான் வாறனோ?"

"நீங்கள் கதைக்கிறதெண்டால் வாருங்கோ" என்பாள் அவள், தலை நிமிராமலே.