வலது பக்கத்து விளக்கு

பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது என் வேலை. செஞ்சியிலிருந்து புறப்படும் பஸ்களில் நடுவழியில் ஏறுவேன். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். யார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்களோ அவர்களிடம்தான் முதலில் போவேன். பெரும்பாலும் நான் நினைத்தது சரியாகவே இருக்கும். தப்பாகப் போனவர்களைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை.

இந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வரும். பால்காரர் அளந்தால் நுரை அடங்கும்வரை நிற்க வைப்பேன். காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். என் மனைவி இதை வியாதி என்பாள். ஜாக்கிரதை என்று நான் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் கார் நைனா வாங்கியது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வண்டிக்குப் பதினாறு வயது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம், கிளட்சை மிதித்தால் முட்டி வலிக்கிறது என்று சொல்லி நைனா ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சாவி கூடத்து ஆணியில் தொங்கும். நான் பைக்கில் டியூட்டிக்குப் போகிறவன். வண்டி சும்மாதான் நிற்கிறது, எப்போதாவது நைனா ஸ்டார்ட் பண்ணி வைப்பார் என்று நினைத்திருந்தேன்.

போன மார்கழியில் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. பனியில் பைக்கைத் தொடாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விடியுமுன் கிளம்பும் டியூட்டிக்குக் காரை எடுத்தேன். முதல் நாளே பயந்துபோனேன். விளக்கு இரண்டும் நல்லெண்ணெய் பூசியதுபோல மஞ்சள் பாரித்துக் கிடந்தன. எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில்தான் எனக்கு ரோடே தெரிந்தது.

பட்டறை மெக்கானிக்கைக் கேட்டேன். மொத்தமாக மாற்ற வேண்டும், ரெண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். ரெண்டு நாள் என்றதும் எனக்கு உறுத்தியது. விளக்கை மாற்றுகிறேன் என்று பேட்டரியை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? நானே வீட்டில் செய்துகொள்வது என்று முடிவெடுத்துப் போனில் வீடியோக்களைப் பார்த்தேன். அதிலும் விளக்கம் சொன்ன ஆளே பல்பு விற்கிறவராக இருந்தார். பத்து வீடியோ பார்த்து, பத்துப் பேரும் ஒப்புக்கொண்டதை மட்டும் நம்பினேன்.

விஷயம் இதுதான். பழைய வண்டியில் மின்சாரம் ஸ்விட்சைச் சுற்றிக்கொண்டு மெல்லிய ஒயரில் வந்து சேர்வதற்குள் பாதி தளர்ந்துவிடும். பெரிய பல்பைப் போட்டால் ஸ்விட்ச்தான் சூடாகும். பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராகக் கனமான ஒயர் இழுத்து, நடுவில் ரிலே என்ற சின்னப் பெட்டியை வைக்க வேண்டும். ஸ்விட்ச் அந்தப் பெட்டிக்கு உத்தரவு போடும், அவ்வளவுதான். மஞ்சள் பாரித்த மேல்மூடியை வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் குரங்குத் தொல்லை அதிகம். கழற்றிய திருகுகளை டிபன் டப்பாவில் போட்டு மூடி வைத்துக்கொண்டேன். பம்பர் கழன்று வந்தது. இடது விளக்கு வந்தது. பதினாறு வருடத்துத் தூசி, துரு, ஒரு குளவிக்கூடு. பிறகு வலது விளக்கைக் கழற்றினேன். அதன் முதுகுப் பக்கம் வழித்து எடுத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. திருகுகள் வேறு ஜாதி, துருவே இல்லை. விளக்கு உட்காரும் தகட்டைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி, கையால் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

வலது விளக்கு கொஞ்சம் மஞ்சள் குறைவாக இருப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் வேப்பமரத்து நிழல் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

நைனா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, இந்த சைடு லைட்ட எப்ப மாத்தின?"

"எனக்கின்னாடா தெரியும்? கம்பெனிலயே அப்டித்தான் குடுத்திருப்பான்."

"ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசாவா குடுப்பான்?"

"பல்ப மாத்திட்டு மூடுடா. எதுக்கு நோண்டிகினு கெடக்கற?"

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ராஜகிரி மலையைப் பார்த்தார். வாசற்படியில் டீயோடு நின்ற என் மனைவி, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனாள். டீயில் சர்க்கரை இல்லை.

அப்புறம் என் புத்தியைக் கேட்கவேண்டுமா! தேய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கோத்தேன். வண்டி எதிலோ இடித்திருக்கிறது. என்னிடம் மறைத்திருக்கிறார்கள். நைனா ஓட்டுவதை விட்டது பங்குனியில். அவருக்கு முட்டி வலி. ஆனால் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய்வருகிறார், அப்போது வலிப்பதில்லை. அதே பங்குனியில்தான் தொண்டூர் ரோட்டில் ஆடு மேய்க்கும் ஒருவரை ஏதோ வண்டி இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. கால் உடைந்து, இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நைனா அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கிறார். ஏன் கொடுக்க வேண்டும்?

வாட்டர் பேப்பர் என் கையிலேயே கிழிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நைனா அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஆனால் செய்திருப்பார் என்று நம்பிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டில் கேட்டுவிட்டேன். நைனா குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தொண்டூர் ரோட்டுல அந்த ஆட்டுக்காரர இடிச்சது நீதான?"

அவர் கை நின்றது. "இன்னாடா கேட்ட?"

"தப்பு பண்ணாதவன் எதுக்கு வருசா வருசம் வேட்டி எடுத்துத் தரணும்?"

"நொண்டிகினு ஆடு மேய்க்கறான். பாவமா இருந்துச்சு, குடுத்தன்."

சத்தமே போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நைனாவிடம் சொன்னாள்.

"போதும் மாமா. நானே சொல்லிடறன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வண்டிய இடிச்சது நான்."

"நீயா?"

"மாமாவுக்கு முட்டி முடியலன்னு அந்தப் பங்குனில ஒரு வாரம் நான்தான் ஓட்னன். அனந்தபுரத்துக்கு எங்கம்மாவப் பாக்கப் போனோம். சந்துல திருப்பறப்ப கல்லுத்தூண்ல வுட்டுட்டன். நீங்க டியூட்டில இருந்த நேரமா பாத்து ரெண்டே நாள்ல ரெடி பண்ணிட்டோம்."

"உன்ன யாரு ஓட்டச் சொன்னது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே லைசென்சு எடுத்தவ நான். நீங்கதான் ஒரு தபா கூட சாவிய குடுக்கல." கூடத்து ஆணியைக் காட்டினாள். "அதுக்கப்புறமும் நான்தான் ஓட்டிகினு இருக்கறன். மூணு வருசமா. தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

மூன்று வருடம் பேட்டரி ஒருமுறைகூடச் சாகாமல் இருந்ததைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தெருவில் ஒருவர்கூட என்னிடம் மூச்சு விடவில்லை. அதுதான் முதலில் சுட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அந்த ஒரு தூணுக்கு ஆயுசுக்கும் நிக்க வெச்சிக் கேள்வி கேப்பீங்க. மாமாதான் சொல்ல வாணாம்னாரு."

நைனா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஒரு மனுசன இடிச்சிப் போட்டுட்டு ஓடிப்போயிருப்பன்னு நெனச்சியாடா?"

மன்னித்துவிடு நைனா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வேலையை முடித்தேன். ஒயர் இழுத்து, ரிலேவைப் பொருத்தி, தேய்த்துத் தெளிந்த விளக்குகளை மாட்டினேன். வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தாமல் இருக்க, எதிர்ச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு அந்த உயரத்துக்குச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஓட்டும் சீட்டில் ஓர் ஆள் உட்கார வேண்டும். யாரையும் கேட்காமல் என் மனைவி வந்து உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டாள். சுவர் பளீரென்று வெளுத்தது. இரண்டு விளக்கும் கோட்டுக்குக் கீழே சமமாக விழுந்தன. நன்றாக அமைந்துவிட்டது. நைனா வெளியே வந்து பார்க்கவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் நான் மனிதன். விடவில்லை. இரண்டு நாளாக ஒரே நினைப்பு. அவள் மாமனாரைக் காப்பாற்றத் தன்மேல் போட்டுக்கொள்கிறாளோ? அனந்தபுரம் சந்தில் அந்தத் தூண் இருக்கிறதா இல்லையா? புதன்கிழமை டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் தொண்டூர் ரோட்டில் வண்டியை விட்டேன். ஆட்டுக்காரர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கள இடிச்சது இன்னா வண்டி?"

"பைக்கு சார். ரெண்டு பேரு குந்திகினு வந்தானுங்க. நம்பரு தெரியல." காலை நீட்டித் தழும்பைக் காட்டினார். "ஏன் சார், இப்ப வந்து கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன். வெட்கத்தைவிட நிம்மதிதான் எனக்கு அதிகமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஆட்டுக்காரர் நைனாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறார். உங்க புள்ள நேத்து வந்து என்னை விசாரிச்சிட்டுப் போனாரு என்று எதார்த்தமாகச் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

அன்று நான் டியூட்டியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நைனா வெளியே போய்விட்டு உள்ளே வந்தார். வழக்கம்போல நேராகப் போய் சாய்வு நாற்காலியில் உட்காராமல் என் முன்னால் வந்து நின்றார்.

"கடைத்தெருவுக்குப் போனன்" என்றார். "கீரை வாங்கனன். டீ ஒண்ணு குடிச்சன். அங்கேர்ந்து நேரா வூட்டுக்குத்தான் வர்றன், வேற எங்கியும் போகல."

கீரைப் பையை என் பக்கம் விரித்துக் காட்டினார். நான் அவரை எதுவும் கேட்கவில்லை.