படகு விருந்துக்கு ஒரு டிக்கெட்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை போடவே போன் செய்த ஆள்கூட, அவள் "வணக்கங்க, சொல்லுங்க" என்றதும் பாதி தணிந்துவிடுவார். உணவு, ஒயின் திருவிழாவின் சிறப்பு நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசியில் டிக்கெட் பதிவு செய்வது அவள் வேலை. ஒயினை ருசித்துப் பழகும் வகுப்பு இருந்தது, பெயர்பெற்ற சமையல்காரரோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு இருந்தது. ஆனால் அடிபிடி நடப்பது ஆற்றுப் படகு விருந்துக்குத்தான். படகு கரையை விட்டால் விருந்து முடிந்துதான் திரும்பும். நடுவில் இறங்க வழி கிடையாது.

டிக்கெட்டோடு கதையையும் கறந்துவிடுவாள். யாருக்குக் கல்யாண நாள், யாருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அவளுக்குத் தெரியும். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன் கிண்டல் செய்வான்: "ஊருக்கெல்லாம் விருந்துக்கு இடம் போடு. நமக்கு மட்டும் நேத்து மிஞ்சினது."

திருவிழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஓர் ஆள் பேசினார். நிதானமான குரல். தன் மனைவியின் பெயரைச் சொன்னார்.

"படகு விருந்துக்கு அவ புக் பண்ணியிருப்பா மேடம். ரொம்ப நாளா ஆசைப்பட்டது. எந்த நாள்னு மட்டும் சொன்னீங்கன்னா, நான் சொல்லாம கொள்ளாம வந்து நிப்பேன். சந்தோஷப்படுவா."

பெயரைத் தட்டினாள். இருந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் சார். ரெண்டு சீட்டு. கூடத் தைக்கிற பொண்ணையும் கூட்டிட்டு வர்றாங்களாம். நல்லவேளை, பக்கத்து மேசையில ஒண்ணே ஒண்ணு காலியா இருக்கு!"

"அதைப் போட்டுருங்க. அவகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க."

"ஐயோ, நான் ஏன் சொல்றேன்!" என்று சிரித்தாள். அன்று மாலை கணவனிடம் சொல்லிக் குத்திக்காட்டவும் செய்தாள். "புருஷன்னா அப்படி இருக்கணும்."

மறுநாள் அந்தப் பெண்ணே பேசினாள். அவளை ரேடியோவுக்கு நன்றாக நினைவிருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஏதோ ஒரு தையல் கடையில் வேலை. முதல் சம்பளத்தில் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அந்த டிக்கெட்தான் என்று சொல்லியிருந்தாள்.

"அக்கா, மேசை மேல பேர் அட்டை வைப்பீங்களா? என் பேரு வேண்டாமே."

"ஏம்மா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கு நான் இருக்குற இடம் தெரியக் கூடாது. கட்டினவருதான். நான் போகக்கூடிய இடத்துக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுட்டே இருப்பாரு. ரொம்பத் தன்மையாத்தான் கேப்பாரு. போன தடவை ஆஸ்பத்திரில மூணு வாரம் கிடந்தேன். யாரு கேட்டாலும் சொல்லிடாதீங்கக்கா."

நேற்றுப் பேசிய நிதானமான குரல் ரேடியோவின் காதில் ஒலித்தது. சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய், "சரிம்மா" என்றது. இணைப்பு அறுந்த பிறகுதான் சுதாரித்தாள். திருப்பிக் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை வரை அப்படியே.

மேனேஜரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டி விவகாரம்மா. அவர் காசு கொடுத்து வாங்கின டிக்கெட்டை என்ன காரணம் சொல்லி நிறுத்துறது? நாளைக்கு நம்ம மேல பாய்வாரு."

"சார், நான்தான் சொல்லிட்டேன்."

"அப்ப இனிமே வாயை மூடிட்டு இரு."

சனிக்கிழமை மதியமே கணவனைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனாள். வாடகைக் கார்கள் வந்து நிற்கும் இடத்தில், அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குத் தெரியாது. அந்த ஆளின் முகமும் தெரியாது. வருகிற ஆண்களெல்லாம் அவராகவே தெரிந்தார்கள்.

கூட்டம் சேருவதற்கு முன்பே ஒருவர் தனியாக வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ரிப்பன் கட்டிய பெட்டி. நேராக அவளிடம் வந்து, "படகு விருந்துக்கு இப்படித்தானே போகணும் மேடம்?" என்றார்.

அதே குரல். பதில் சொன்னால் தன் குரல் அவருக்குத் தெரிந்துவிடும். கையை மட்டும் நீட்டி வழி காட்டினாள். அவர் தலைசாய்த்து நன்றி சொல்லிவிட்டு, பலகையில் நடந்து படகுக்குள் ஏறி, வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

வெளிச்சம் மங்கும்போது ஒரு காரிலிருந்து இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருத்தி புதுச் சட்டை போட்டிருந்தாள். நடக்கும்போது இடது காலை லேசாக இழுத்தாள். ரேடியோ ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அம்மா, நான் டிக்கெட் புக்கிங்ல பேசுவேனே, அந்த அக்கா. படகுல ஏறாத. அவரு உள்ள உக்காந்திருக்காரு."

குரலைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் மலர்ச்சி வந்தது. சொன்னது புரிந்ததும் அப்படியே வடிந்தது.

"அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"நான்தாம்மா சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. எதையோ கணக்குப் போடுகிறவள்போலத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "கிளம்பணும்னா என் பேக் கூட வீட்டுல இருக்கே" என்று தோழியிடம் முணுமுணுத்தாள். பிறகு இருவரும் அதே காரில் ஏறினார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

படகு கிளம்பியது. காலியான இரண்டு நாற்காலிகளுக்குப் பக்கத்திலிருந்து அவர் எழுந்து கம்பியோரம் வந்து நின்றார். கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார். ரேடியோவின் மேல் வந்ததும் பார்வை நின்றது. வளைவில் படகு மறையும்வரை அது நகரவில்லை. கணவன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். "வா, போலாம்."

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. "சிஸ்டர், அன்னைக்குக் கரையில நின்னது நீங்கதானே? கை காட்டுனீங்க, வாய் திறக்கலயே." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதையும் போய்ச் சொன்னாள். குறித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கணவன் வேலை முடிந்ததும் கிரீஸ் கையோடு வந்து அவளைக் கூட்டிப்போகிறான்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தையல் கடையைத் தேடிப் போனாள். கடைக்காரம்மா மிஷினை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணா? அவ நின்னுட்டாளே. நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்கதான்ங்க. எங்க இருக்கான்னு மட்டும்..."

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு. கடை கடையா ஏறி இறங்குறாராம். அவரும் உங்கள மாதிரிதான், மரியாதையா கேட்டாரு." துணியைத் திருப்பிப் போட்டார். "எனக்குத் தெரியாதுன்னுட்டேன். உங்களுக்கும் அதே பதில்தான்."

ரேடியோவுக்குக் கடைக்காரம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. வெளியே வந்தவள், தெருவில் இறங்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.