கிரைண்டருக்கு முன்னால் ஒரு பலகை

மராட்டிய மாநிலத்தில், தாபோடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு அப்பாவைவிட வயதில் மூத்தது. சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் துணி சுற்றிய பழைய ஒயர் ஓடும். பிளக் செருகும் இடங்களில் எல்லாம் இரண்டே ஓட்டைகள்.

தொண்ணூறுகளின் நடுவில் மாமா கோயம்புத்தூரிலிருந்து ஒரு கிரைண்டரை ரயிலேற்றிக் கொண்டுவந்தார். அதன் பிளக்கில் மூன்று முனைகள். தொழிற்சாலையில் எர்த் இல்லாத மெஷினைத் தொடவே தொடாத அப்பா, வீட்டில் எர்த்துக்கான அந்தப் பெரிய முனையை ரம்பத்தால் அறுத்துவிட்டுச் செருகினார். கல் சுற்றியது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள்.

கொஞ்ச காலத்தில் ஈரக்கை பட்டால் சுருக்கென்றது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் மனைப்பலகை. அதைத் தரையில் போட்டு, மேலே ஏறி நின்றுகொண்டு மாவைத் தள்ளிவிடுவோம். அடுக்களைக்குள் செருப்புப் போடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆகவே மாவரைக்க வரும் அக்கம்பக்கத்து மராட்டிக்காரப் பெண்களும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து பலகையில் ஏறினார்கள். யாருக்கும் அது ஆபத்தாகத் தெரியவில்லை. கடிக்கிற நாயைக் கட்டிவைத்துவிட்ட நிம்மதி எங்களுக்கு.

அண்ணன் கல்யாணமாகி மதினி வந்தபோது, முதல் நாளே கையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுடைய அப்பா வீட்டுக் கிரைண்டர் இப்படிச் செய்யாதாம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா அவளைப் பலகையில் ஏற்றி நிறுத்தி, "லேசாக் கடிக்கும். பழகிரும்" என்றாள்.

மதினிக்கு வளைகாப்பு வந்தது. அவளை உட்காரவைக்க மனை வேண்டும். அந்த ஒரு பலகைதான் வீட்டில் இருந்தது. அம்மாவே அதைத் தேய்த்துக் கழுவி, கோலம் போட்டு, கூடத்தில் கிழக்குப் பார்த்துப் போட்டாள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள். வடைக்கு மாவு போதவில்லை. ஊறவைத்திருந்த மீதி உளுந்தை அரைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மா உள்ளே போனாள். அப்போதுதான் கழுவிவிட்ட தரை. அவள் முகத்தில் அன்று அவ்வளவு சந்தோஷம்.

மதினிக்கு ஒரு கை வளையல் போட்டு முடிந்திருந்தது. கூடத்தில் சிரிப்பும் பாட்டுமாக இருந்ததால் அம்மா விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. நான் தண்ணீர் எடுக்கப் போனபோது கல் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா தரையில் கிடந்தாள், கையெல்லாம் மாவு. நான் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விதியா வந்து பிளக்கின் முனையை அறுத்தது?

மதினிதான் அதிகம் உடைந்துபோனாள். இன்னொரு கைக்கு அவள் வளையலே போட்டுக்கொள்ளவில்லை. "அத்த நிக்கிற பலகையில நான் ஏறி உக்காந்துட்டேனே" என்று என் மடியில் படுத்து அழுதாள். அது அவள் தப்பில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. அந்தப் பழியை அவள் சுமக்கும்படி விட்டது நாங்கள் அவளுக்குச் செய்த கொடுமை. முதல் நாளே பயந்து சொன்னவள் அவள் ஒருத்திதான்.

காரியம் முடிந்த கையோடு அப்பா எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். காலையில் வந்தவன் பழைய ஒயர்களை உருவிப் போட்டு, வாசலோரம் குழி தோண்டி எர்த் போட்டு, கிரைண்டருக்குப் புது பிளக்கும் மாட்டி, பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

அப்பா கையை நனைத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, கிரைண்டரை ஓடவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வேண்டாம் என்று நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணும் அடிக்கல, பாரு" என்றார். பிறகு குரல் உடைந்து, "ஒரு நாள் வேலை. இத்தன வருசத்துல எனக்கு ஒரு நாள் இல்லாமப் போச்சே" என்று சொல்லி அழுதார்.