வெள்ளிக்கிழமை போன் வரக் கூடாது

கோல்ஃப் ஆடுகிறவரைக் கட்டிக்கொண்டேன் என்றால் ராஜகீழ்ப்பாக்கத்தில் யார் நம்புவார்கள்? "அது பணக்காரங்க பொழுதுபோக்காச்சே! உங்க வீட்டுக்காரர் வேலைக்கு எங்க போறார்?" என்பார்கள். அதுதான் வேலை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பாங்காக், மணிலா, ஜகார்த்தா என்று ஊர் ஊராகப் போய் ஆடுவார். கேட்கத்தான் பெரிசாக இருக்கும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நன்றாக ஆடியவர்களை மட்டுமே சனி, ஞாயிறு ஆட விடுவார்கள். பரிசுப் பணமும் அவர்களுக்குத்தான். மற்றவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவின் போனுக்குத்தான் கூப்பிடுவார். செலவைக் குறைக்க ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். தோற்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும். தேறிவிட்டால் வராது. அக்கா சமையலறை ஜன்னல் வழியாக "போன்!" என்று கத்தினாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். பாவம், தங்கமான மனுஷி. எத்தனை வெள்ளிக்கிழமை அவளை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், போன ஊரிலிருந்தெல்லாம் போன் வந்தது. என் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. தான் வேலை பார்த்த கம்பெனி ஸ்டோர்ஸில் இவருக்கு ஒரு இடம் பேசி வைத்தான். "கோலாலம்பூர்லயும் ஊத்திக்கிச்சுன்னா மாப்பிள்ளை திங்கட்கிழமை ஜாயின் பண்ணிடணும். சனிக்கிழமை காலைல வரேன், பதில் சொல்லிடு" என்றான். இவரும் சரியென்று தலையாட்டிவிட்டு விமானம் ஏறினார்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஐந்து மணி, ஆறு மணி, ஏழும் ஆயிற்று. போன் வரவேயில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயசம் வைத்து அக்காவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். மறுநாள் காலை அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள், "அண்ணா, உன் ஸ்டோர்ஸ் வேலையை வேற யாருக்காவது குடு. அவர் ஆடப் போறார்" என்றேன். அவன் காபிகூடக் குடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் வாசலில் ஆட்டோ. கோல்ஃப் பை பாதி உள்ளே, பாதி வெளியே. "இன்னா சார் இது, பீரங்கி கணக்கா கீது" என்று புலம்பிக்கொண்டே டிரைவர் அதை இறக்கினார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"பத்து தடவை போட்டேன்ம்மா. யாருமே எடுக்கல."

அக்கா ஓடிப்போய் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். மூச்சுப் பேச்சில்லை. மழையில் லைன் செத்திருந்தது.

"ஐயோ, அண்ணன்கிட்ட அந்த வேலை வேண்டாம்னு சொல்லிட்டேனே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா? வேண்டாம்னே சொல்லிட்டியா?"

தோற்றுவிட்டு வந்த மனுஷனுக்கு அப்படி ஒரு சிரிப்பு! அதைப் பார்த்ததும்தான் எனக்கே உறைத்தது. வேண்டாமென்று சொல்ல நானும் ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "இப்பவே போய் உங்க அண்ணனைப் பார்த்தா வேலை கிடைச்சிடும். போகட்டுமா?"

"முதல்ல உள்ள வாங்க" என்றேன். "அடுத்த மேட்ச் எந்த ஊர்ல?"