புரட்டாசியில் ஒரு சிலந்தி

புரட்டாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் முட்டை ஓடுகூட நுழையாது. தெரிந்தும், திருப்பதியில் நான் தங்கியிருக்கும் அறையில் வளர்க்கும் டரன்டுலாவைப் பிளாஸ்டிக் டப்பாவோடு புத்தூர் பக்கத்திலிருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உள்ளங்கை அகலச் சிலந்தியைப் பார்த்து அம்மா பயப்படவில்லை.

"இது இன்னா துன்னும்?" என்றாள்.

வெட்டுக்கிளி, அதுவும் உயிரோடு என்றேன்.

"சனிக்கெழம அதுவுமா வூட்ல கவிச்சியா? மாசம் முடியற வரிக்கும் தயிர் சோறு வையி."

எங்கள் கூரைக்குக் கீழே வந்துவிட்டால் எட்டுக்கால் பூச்சியும் பெருமாள் பக்தன்தான். கறிக்கடைக்குப் போகும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நைனாவும், "நாங்க இல்லியா? அதுவும் இருக்கட்டும்" என்றார். டரன்டுலா மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அவர்களுடைய விரதத்தைவிட அது பெரிது என்பதை நான் சொல்லவில்லை. சோறு போடுகிறவர்களிடம் அவ்வளவுதான் பேச முடியும்.

ஆனாலும் வீம்புக்கு, வரப்பில் பிடித்து வைத்திருந்த வெட்டுக்கிளியை இடுக்கியால் எடுத்து டப்பாவுக்குள் விடப்போனேன். அது துள்ளி, சுவரிலிருந்த பெருமாள் படத்தின் பின்னால் போய் விழுந்தது. அங்கே ஏதோ படபடத்து அடங்கியது.

படத்துக்குக் கீழே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "சாமி இருக்கிற வூட்ல இந்த மாசம் எந்த உசிரும் பூச்சி துன்னக்கூடாது."

படத்தின் பின்னாலிருந்து பல்லி சத்தமிட்டது. அம்மா விரலால் தரையை மூன்று முறை தட்டினாள்.

"பாரு, பெருமாளே ஆமான்னுட்டாரு."

வெட்டுக்கிளியின் கால் ஒன்று மேலேயிருந்து அவள் கட்டிய பூவின் மேல் விழுந்தது.