செல்லத்தாய் சுட்ட கேக்

செல்லத்தாய்க்கு யாரையும் நம்பத் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பால்காரர் ஊற்றியதும் ஒரு சொட்டை நகத்தில் வைத்துப் பார்ப்பாள். அலுவலகத்தில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவாள். அது அவளுக்குப் பிறவிக் குணம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பல நாள் நாங்கள் சிரித்தது அவளைப் பற்றித்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எழுபத்தொன்பதில் எங்கள் அலுவலகத்துக்கு டைப்பிஸ்டாக வந்தாள். மதுரையில் எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். டைப்பிங் பிரிவில் நாங்கள் ஐந்து பெண்கள். செல்லத்தாய்க்குச் சொந்த ஊர் எழுமலைக்கு மேற்கே ஒரு சிற்றூர். அப்பா முத்திருளன் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, இருபத்திரண்டு வயதில் எங்களுக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அதை எங்களால் தடுக்க முடியவில்லை. அதனால் சாப்பாட்டு மேஜையில் எங்கள் வேலையைக் காட்டினோம்.

மத்தியானம் ஐந்து பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவோம். அவியல், பொரியல், துவையல் எல்லாம் கைமாறும். செல்லத்தாயின் டப்பா மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. கரண்டி அந்தப் பக்கம் போகாது, அவ்வளவுதான்.

அவள் கேக் சுட ஆரம்பித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். குழம்பைத் தொடாதவர்கள் கேக்கைத் தொடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பேக்கரியில் விற்கிற பன்னுக்கும் கேக்கிற்கும் யார் சாதி கேட்கிறார்கள்? ஹாஸ்டல் வார்டன் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெரிய பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது அவள் கையில் அப்படியே இருந்தது. வாடகை அறையில் அடுப்பு என்றால் ஒரு கெரசின் ஸ்டவ்தான். பெரிய அலுமினியச் சட்டியில் நாலு விரல் உயரத்துக்கு ஆற்று மணல் கொட்டிச் சூடாக்குவாள். மைதா, சீனி, வெண்ணெய், முட்டை எல்லாம் அடித்துக் கலந்து சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி மணலில் இறக்கி மூடுவாள். மூடி மேலே கரிக்கங்கு. விளக்குமாற்று ஈர்க்குச்சியைக் கழுவி வைத்திருப்பாள். அதைக் குத்தி எடுத்து, மாவு ஒட்டாமல் வந்தால்தான் இறக்குவாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒரு பெரிய டப்பா நிறைய வரும். ஏலக்காய் வாசனை எங்கள் செக்‌ஷனைத் தாண்டிப் போகும். ஒருத்திக்கு அன்றைக்கென்று விரதம். ஒருத்திக்குப் பல் வலி. முட்டை ஆகாது என்று ஒருத்தி சொன்னதும் மறு மாதம் தயிர் ஊற்றி முட்டையில்லாமல் சுட்டுக்கொண்டு வந்தாள். "அப்புறமா சாப்பிடுறேன் செல்லத்தாய்" என்று அவரவர் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டோம். நான் என்னுடையதை ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போடுவேன். மூன்று வருஷத்தில் அந்த ஆடு என்னைக் கண்டாலே ஓடிவரும்.

ஜெயக்கொடி மட்டும் இரண்டு எடுப்பாள். கே.கே. நகரில் வீடு. புருஷனுக்குப் பாங்கியில் வேலை. செக்‌ஷனில் செல்லத்தாயோடு மனம்விட்டுப் பேசுவது அவள் ஒருத்திதான். இரண்டு பேரும் சேர்ந்து புடவை எடுக்கப் போவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். ஆனால் கேக்கை மட்டும், "எம் மகளுக்குக் கொண்டு போறேன்" என்று அவளும் சுற்றி வைத்துக்கொள்வாள். ஒரு நாள்கூட அங்கே வைத்துத் தின்றதில்லை.

அது செல்லத்தாயை அரித்துவிட்டது. எங்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஜெயக்கொடி உண்மையிலேயே தின்கிறாளா, இல்லை நடித்துவிட்டுக் குப்பையில் போடுகிறாளா? செல்லத்தாய்க்கு இருந்த ஒரே தோழி அவள். கேக்கும் குப்பைக்குப் போகிறது என்றால் மூன்று வருஷச் சிநேகிதமும் நடிப்புத்தானே! "மகளுக்கு எப்படி இருந்துச்சு?" என்று திங்கட்கிழமை கேட்பாள். "நல்லா இருந்துச்சு" என்று ஜெயக்கொடி சொல்லும்போது முகத்தையே உற்றுப் பார்ப்பாள். ஒரு மாதம் கேக்கில் முந்திரிப்பருப்புப் போட்டுவிட்டு, "உள்ள என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சியா?" என்று கேட்டாள். டைப் அடித்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி நிமிராமலே, "திராட்சையா? யாரு பாத்தா, போட்ட ஒடனே காலி" என்றாள். அன்று முழுக்க செல்லத்தாய் யாரிடமும் பேசவில்லை.

எண்பத்திரண்டு ஆவணி மாதம். ஜெயக்கொடியின் மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் நாலு நாளாக லீவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் செல்லத்தாயும் கிளம்பினோம். ஜெயக்கொடியின் புருஷனுக்கு நான் ஒன்றுவிட்ட அக்கா முறை. போகாமல் இருக்க முடியாது. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் செல்லத்தாய் என் காதருகே வந்தாள்.

"சுந்தரம்மாக்கா, போன தடவ கேக்குல சீனிய கொறச்சு ஒரு கை உப்ப அள்ளிப் போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குடி?"

"வாயில வச்சவ ஒரு வார்த்தையாச்சும் சொல்லுவால்ல? ஜெயாகிட்ட கேட்டேன். நல்லா இருந்துச்சுங்குறா. திங்கலக்கா அவ. இன்னைக்கு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு, அதோட தலை முழுகிரப் போறேன்."

அந்தத் திங்கட்கிழமை நானும் சும்மா இருக்காமல், "ரொம்ப ருசி செல்லத்தாய்" என்று சொல்லியிருந்தேன். ஆடு அன்று காகிதத்தையும் சேர்த்து நக்கியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "எனக்கும் அதே கேக்குத்தானா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எல்லாருக்கும் அதேதான். நீங்க திங்க மாட்டீகன்னுதான் மொத நாளே தெரியுமேக்கா. அவளத்தான் தெரியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைச் சந்தேகப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை என்பது எனக்கு அவமானமாக இருந்தது.

நாங்கள் போய் உட்கார்ந்ததும் ஜெயக்கொடி மூன்று பேருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காபி கொண்டுவந்தாள். செல்லத்தாய் மூன்று டம்ளரையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுத்தாள். கட்டிலில் படுத்திருந்த ஏழு வயது மகள் எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது.

"அத்தை, கேக் கொண்டாந்தீங்களா? உப்பு கேக்கா, சீனி கேக்கா?"

செல்லத்தாயின் கையில் காபி தளும்பியது.

ஜெயக்கொடி சிரித்தாள். "கோவிச்சுக்காத செல்லம். போன தடவ சீனின்னு நெனச்சு உப்ப போட்டுட்ட போல. மொத வாய் இவதான் தின்னா. ஓன்னு கத்திக்கிட்டு வாந்தி எடுத்துட்டா. சொன்னா உம் மனசு சங்கடப்படும்னு நான் வாயத் தொறக்கல. தூக்கிப் போடவும் மனசு வரல. ரெண்டு நாளா மோரக் குடிச்சுக் குடிச்சு நானே தின்னு தீத்தேன்."

அத்தோடு செல்லத்தாய் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆமாம், கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுப் பேசியிருப்பார்கள். அவளால் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள்.

"தெரியாமப் போடல ஜெயா. வேணும்னுதான் போட்டேன். நீ திங்கிறியா இல்லையான்னு பாக்கத்தான் போட்டேன்."

ஜெயக்கொடியின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"மதினி இருக்காகளே, கேட்டுக்கட்டும். ஆபீஸ்ல நான் திங்காததுக்கு இவுகதான் காரணம். இவுக கண்ணுல பட்டா ஊர்ல இருக்குற எங்க மாமியாளுக்குப் போயிரும். மாமியா என்னைய அடுப்படிப் பக்கம் விட மாட்டாக. அந்தப் பயத்துலதான் வீட்டுல வந்து ஒளிச்சு வச்சுத் தின்னேன். அது எந் தப்பு. நீ நாக்கப் புடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தா எனக்குச் சொல்லப் பதில் இல்ல." மகளின் தலையில் கை வைத்தாள். "அதுக்கு உப்பா செல்லம்? எம் பிள்ளை வாயிலயா?"

அப்படியெல்லாம் நான் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன் என்று வாயெடுத்தேன். சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். காபியை அப்படியே வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம். பஸ் வரும்வரை செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இனிமேல் அவள் கேக் சுட மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த முதல் சனிக்கிழமை டப்பா வந்தது. திறந்து மேஜை நடுவில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். நான்தான் முதலில் கையை விட்டேன். எல்லாரும் பார்க்க ஒன்றை எடுத்து முழுசாகத் தின்றேன். மூன்று வருஷமாக ஆட்டுக்குப் போட்டது இம்புட்டு ருசியா என்று இருந்தது. செல்லத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெயக்கொடி தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் கண்ணெதிரே டப்பாவிலிருந்து ஒரு கேக்கை எடுத்தாள். செல்லத்தாய் நிமிர்ந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளாக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

ஜெயக்கொடி கேக்கை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியைச் செல்லத்தாயிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ தின்னு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து மற்ற இருவரும் சிரித்தார்கள். ஜெயக்கொடி சிரிக்கவில்லை. செல்லத்தாய் வாங்கி வாயில் வைத்தாள். அவள் மென்று விழுங்கும்வரை ஜெயக்கொடி அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் தன் பாதியைத் தின்றாள்.