மங்கிப்போன வித்துகள்

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அக்கா, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். அவருடைய முனைவர் பட்டம் முழுக்கச் சுண்டுவிரல் அளவுக் குழாய் ஒன்றில் கிடந்தது. பட்டினி போட்டால் சில ஈஸ்ட் வகைகள் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வித்தாகித் தூங்கிவிடும். அந்தக் குழாயில் இருந்தது அப்படிப் பதினோரு வருடம் குளிரில் தூங்கிய ஒரு வகை. மற்ற குழாய்கள் எல்லாம் கெட்டுப்போய் இது ஒன்றுதான் மிச்சம். இதுவும் முளைக்காவிட்டால் அவருடைய நான்கு வருட உழைப்பு அம்போ.

வெள்ளிக்கிழமை மதியம் வித்துகளைச் சர்க்கரையும் சத்தும் கலந்த நீரில் போட்டார். அந்த நேரம் பார்த்துக் குகட்பள்ளி வீட்டிலிருந்து போன்: குழந்தைக்குக் காய்ச்சல். "அரை மணிக்கு ஒரு தடவை பாத்து, எத்தனை மின்னுதுன்னு எழுதி வை. வேற எதையும் தொட நக்கோ," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நானா சும்மா இருப்பேன்? பால் பொங்கும்வரைகூட அடுப்படியில் நிற்கத் தெரியாதவள் நான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முதலில் எல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகப் பளிச்சென்று மின்னின. ஒரு மணி நேரத்தில் சில மங்கின. பிறகு பாதி. அப்புறம் முக்கால்வாசியும் கறுத்துப்போய்க் கிடந்தன. ஐயோ, என் கையில் கொடுத்த அன்றைக்கா சாக வேண்டும்! அக்காவுக்கு மூன்று முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. சர்க்கரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டி, வித்துகளை அலசி வெறும் தண்ணீருக்கு மாற்றி மேசையிலேயே வைத்தேன். "பத்திரமா எடுத்து வெச்சுட்டேன் அக்கா" என்று செய்தி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. ஆனாலும் கொண்டாப்பூரில் நான் தங்கியிருந்த அறையில் இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமை நான் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைப் படித்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மங்கினா செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? முழிச்சுக்கிச்சுடி! ஓடு இளகித் தண்ணி குடிச்சதும் மினுக்கம் போயிடும். முழிச்சு வாயைத் திறக்கும்போது சாப்பாட்டைப் பிடுங்கிட்டியே. திரும்பத் தூங்கவும் முடியாதே அதுங்களால. கைக்குடி, ஏண்டி இப்படிப் பண்ணே?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரல் உடைந்துபோயிற்று. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

மறுபடி சத்து நீரில் போட்டார். மங்கியவை மங்கியபடியே கிடந்தன, துளிகூட வளரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை முளைக்காத நாலைந்து இன்னும் மின்னிக்கொண்டிருந்தன. அவைதான் கதி. நான் நடைபாதையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன், தேவையே இல்லாமல் நாலு டீ குடித்தேன்.

மாலை ஐந்து மணிக்கு, "வா இங்க," என்றார். மைக்ராஸ்கோப்பில் ஒன்று மங்கி, உப்பி, பக்கவாட்டில் சின்னதாக ஒரு மொட்டு விட்டிருந்தது. ஒன்று போதும், அதிலிருந்து தட்டுத் தட்டாக வளர்த்துவிடலாம்.

"அக்கா, பொழச்சிருச்சு!" என்று கத்திவிட்டேன்.

"ஹவ், ஆமா. அன்னைக்கு முழிக்காம கிடந்ததால பொழச்சுது. நீ காப்பாத்தணும்னு நினைச்சதுல ஒண்ணுகூட மிஞ்சல."

குறிப்பேட்டை என் பக்கம் தள்ளி, அவர் சொன்னதை அப்படியே என் கையாலேயே எழுதச் சொன்னார்.